கரண்டி பிடித்த கையில் கைத்துப்பாக்கி

“அக்கா, என் பெண்ணுக்குப் பதிமூணு வயசு. வாரத்துல ரெண்டு நாள் ரைஃபிள் கிளப்புக்குக் கூட்டிட்டுப் போறேன். அவ சுட்டுப் பழகற ரெண்டு மணி நேரமும் நான் பெஞ்சுல ஊசியும் நூலுமா உட்கார்ந்திருப்பேன். போன வாரம் கோச், ‘நீங்களும் ஒரு தடவை பிடிச்சுப் பாருங்களேன்’னார். பிடிச்சேன். ராத்திரி பூரா தூக்கமே வரலை! வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, ‘இந்த வயசுல உனக்கு எதுக்கு?’ன்னு சிரிக்கிறார். முப்பத்தஞ்சு வயசு, ரெண்டு பிள்ளை பெத்தவ. வேகமா சுடற போட்டிக்கெல்லாம் நான் ஆசைப்படலாமா?”

ஒரு சகோதரி இப்படி எழுதியிருக்கிறார். ஏன் ஆசைப்படக் கூடாது? கேளுங்கள், ஒரு கதை சொல்கிறேன். கதையல்ல, நடந்தது.

கனடாவில் லிண்டா தாம் என்று ஒரு பெண்மணி. பாரிஸில் சமையல் கலை கற்றவர். ஒட்டாவாவில் சமையல் வகுப்பு நடத்தியவர். துப்பாக்கி சுடுவதிலும் கெட்டிக்காரி. ஆனால் 1975-ல், குழந்தைகளை வளர்ப்பதற்காகப் போட்டிகளை விட்டுவிட்டார். நம் வீடுகளில் வீணை பரண்மேல் ஏறுவதில்லையா, அந்த மாதிரி! 1982-ல் மறுபடி கையில் எடுத்தார். 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் போட்டி முதன்முறையாக நடந்தது. அதில் தங்கப் பதக்கம் யாருக்கு? நாற்பது வயதான, இரண்டு குழந்தைகளின் தாயான இந்த லிண்டாவுக்குத்தான்!

அந்தப் போட்டி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். மொத்தம் 60 குண்டுகள். முதல் 30 நிதானமாக; ஐந்து குண்டுகளுக்கு ஐந்து நிமிஷம். அடுத்த 30-தான் வேகச் சுற்று. கையைக் கீழே சாய்த்துப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். இலக்கு 3 விநாடி திறக்கும். அதற்குள் கையை உயர்த்தி, குறி பார்த்து, ஒரே ஒரு குண்டு. பிறகு 7 விநாடி இடைவெளி. மறுபடி 3 விநாடி. நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டம் 10 சென்டிமீட்டர், சுமாராக ஓர் இட்லி அளவு. ஆண்கள் பிரிவிலோ இன்னும் அவசரம். ஐந்து இலக்குகளில் ஐந்து குண்டுகள், முதலில் 8 விநாடியில், பிறகு 6, கடைசியில் 4! 2012-ல் லண்டனில் நம் விஜய்குமார் வெள்ளி வாங்கினாரே, அது இதில்தான்.

“அம்மாடி, மூணு விநாடியா!” என்று பயப்படாதீர்கள். வேகத்தை யாரும் முதல் நாளே சொல்லித் தருவதில்லை. அசையாமல் நிற்கத்தான் முதல் பாடம். ஆரம்பம் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில். அங்கே பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பித்தான் அளவு! அதில் கை படிந்தவருக்குத்தான் 25 மீட்டரில் .22 பிஸ்டலைத் தருவார்கள். அதற்கு லைசென்ஸ், சட்டதிட்டம் எல்லாம் உண்டு. ஆகவே முதலில் எதையும் விலைக்கு வாங்க வேண்டாம். கிளப் துப்பாக்கியிலேயே பழகுங்கள்.

ஊசியில் நூல் கோக்கும்போது என்ன செய்கிறோம்? மூச்சை லேசாக நிறுத்தி, காதிலேயே கண்ணை வைக்கிறோம். பின்னாலிருக்கும் சுவர் மங்கிவிடும். இங்கேயும் அப்படித்தான். துப்பாக்கி நுனியிலுள்ள முன்குறி தெளிவாகத் தெரிய வேண்டும். இலக்கு மங்கலாக இருந்தால் போதும். விசையை வெடுக்கென்று இழுக்காமல், மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். இழுத்தால் குறி தவறும். வேகச் சுற்றிலும் விரலுக்கு இதே பொறுமைதான். கை மட்டும் சீக்கிரம் மேலே வரப் பழகுகிறது.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையை நீட்டிப் பிடித்து, சுவரில் ஒரு பொட்டைப் பார்த்தபடி பத்து எண்ணுங்கள். இறக்கி, இளைப்பாறி, மறுபடி. வாரங்கள் போகப்போக ஒரு லிட்டர். தோள் வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

இனி ஜாக்கிரதை விஷயங்கள், ஒன்றையும் விடாதீர்கள்:

* காற்றுத் துப்பாக்கி பொம்மை அல்ல. குண்டு இல்லையென்று தெரிந்தாலும் மனிதர் பக்கம் நீட்டாதீர்கள். சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.

* கண்ணுக்குக் கண்ணாடி, .22-க்குக் காதுமூடி கட்டாயம்.

* குண்டுகள் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். அந்த உடுப்போடு குழந்தையைத் தூக்கவும் வேண்டாம், தனியே துவையுங்கள்.

* கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்காமல் சுடும் இடத்துக்குப் போகவே கூடாது. சில மாதம் பொறுத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. லிண்டா ஏழு வருஷம் பொறுக்கவில்லையா?

சகோதரி, உங்களைப் போலவே துணைக்குப் போன இன்னொருவரும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் ஜோஹ்ரி கிராமத்துச் சந்த்ரோ தோமர். அறுபது வயதைத் தாண்டியபின், பேத்தியைக் கிளப்பில் சேர்க்கப் போனவர், தானும் ஒரு குண்டு சுட்டுப் பார்த்தார். அதற்கப்புறம் பாட்டி வாங்கிய பதக்கங்கள் எத்தனையோ! 2021-ல் காலமாகும் வரை ஊர்ப் பெண் குழந்தைகளுக்கு அவர்தான் தைரியம். அவரையும் முதலில் ஊர் சிரிக்கத்தான் சிரித்தது.

உங்களுக்குப் பதக்கம் கிடைக்குமா என்று நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். ஆனால் வாரத்தில் இரண்டு மணி நேரம், ‘பாலை இறக்கினேனா, கேஸை அணைத்தேனா’ என்ற நினைப்பில்லாமல், ஒரு புள்ளியில் மனசு நிற்குமே, அது உங்களுக்கே உங்களுக்கு. உங்கள் வீட்டுக்காரரிடம் சண்டை போடாதீர்கள். அடுத்த வாரம் அவரையும் அழைத்துப் போய், துப்பாக்கியை ஒரு நிமிஷம் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். கை நடுங்கும்போது சிரிப்பு தானாக நின்றுவிடும்!

அப்புறம், அந்தப் பெஞ்சைக் கொஞ்ச நேரம் அவருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் எழுந்து போங்கள். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.