மைலேஜ் அப்புறம், முதல்ல கூலண்ட் டப்பாவைப் பாருங்க

முதல் கார் வாங்கப் போற தம்பிகள் என்கிட்ட கேட்கிற முதல் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு தரும் அண்ணா?" ஆடிட்டர்கிட்ட கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கணக்கு கணக்குதான், போட்டுப் பார்த்துடலாம்.

மாசம் 600 கிலோமீட்டர் ஓட்டுறீங்கன்னு வெச்சுக்கோங்க. லிட்டருக்கு 20 தர்ற வண்டிக்கு 30 லிட்டர் போதும். 17 தர்ற வண்டிக்கு 35 லிட்டர் சொச்சம். பெட்ரோல் 100 ரூபாய்னு வெச்சா மாசம் 530, வருஷம் சுமார் 6,350 ரூபாய் வித்தியாசம். 2019-ல் மேல்மருவத்தூர் பக்கம் ஒரே மதியத்தில் நான் தொலைச்சது 27,400 ரூபாய். நாலு வருஷ மைலேஜ் வித்தியாசத்தை விட அதிகம்.

எந்த எஞ்ஜின்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா செகண்ட் ஹேண்ட் சந்தையில் உங்க பட்ஜெட்டுக்கு அதிகம் கண்ணில் படப்போறது அதுதான். சுஸுகியின் கே10பி. 998 சிசி, மூணு சிலிண்டர், 12 வால்வு, 68 பி.எஸ். சக்தி, 90 நியூட்டன் மீட்டர் டார்க். 2008-ல் ஏ-ஸ்டாரோடு இங்க வந்தது. 2010-ல் வேகன் ஆருக்கும் ஆல்டோ கே10-க்கும் போச்சு, 2014-ல் செலேரியோவுக்கு. 2021-ல் வந்த புது செலேரியோவில் இருந்து கே10சி. அதாவது பத்து வருஷத்துக்கு மேல ஒரே எஞ்ஜின், பல கார்கள். உதிரி பாகம் சின்ன ஊர்லயும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். என்னைக் கேட்டா, பிராண்ட் பெயரை விட இதுதான் பெரிய சொத்து.

இன்னொரு நல்ல விஷயம், இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். பழைய ஆல்டோ 800-ன் 796 சிசி எஞ்ஜினில் பெல்ட் இருந்தது, குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தியே ஆகணும். செயினுக்கு அந்தச் செலவு இல்லை. ஆனா "செயின்தானே, ஆயுசுக்கும் வரும்"னு நினைச்சு ஆயில் மாத்தாம விடறாங்க பாருங்க, அங்கதான் பிரச்சினை. அந்த செயின் ஆயிலை நம்பித்தான் ஓடுது. ஆயில் கெட்டால் செயின் தேய்ஞ்சு தொய்யும், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது முன்பக்கம் சலசலன்னு சத்தம் கேட்கும். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அப்போ ஆயில் மாத்தணும். வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர்தான் ஓட்டுறேன்னு மூணு வருஷம் தள்ளிப்போட்ட வண்டிதான் சந்தையில் "லோ கிலோமீட்டர், சிங்கிள் ஓனர்"னு விலை ஏத்தி நிக்கும். ஓடோமீட்டரைப் பார்த்து மயங்காதீங்க, சர்வீஸ் பில்களைக் கேளுங்க. வவுச்சர் இல்லாத செலவை நான் ஆடிட்டில் ஒத்துக்க மாட்டேன். கார் விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி எனக்கு எங்க போச்சுன்னு தெரியலை.

சரி, என் கதை. 2013 வேகன் ஆர், வாங்கி ரெண்டு மாசம். திண்டிவனம் போற வழியில் ஏசி காத்து சூடா வந்துச்சு, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு. அடுத்த டோல்கேட் தாண்டி ஓரம் கட்டிக்கலாம்னு ஓட்டினேன். அந்த முடிவுதான் தப்பு. அங்கயே நிறுத்தியிருந்தா சில ஆயிரத்தோட போயிருக்கும்.

டோ பண்ணிக் கொண்டுபோன ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் கேட்டார், "கூலண்ட் எப்ப சார் மாத்துனீங்க?"

"வாங்கியே ரெண்டு மாசம்தாண்ணே ஆகுது."

டப்பாவுக்குள்ள விரல் விட்டுக் காட்டினார். செம்மண் கலர். "இது கூலண்டே இல்ல சார். போர் தண்ணி."

கே10பி-யில் பிளாக், ஹெட் ரெண்டுமே அலுமினியம். எடை குறைவு, அதனால மைலேஜ் நல்லா வரும். ஆனா அளவுக்கு மீறி சூடானா ஹெட் வளைஞ்சுடும், நடுவில் இருக்கிற கேஸ்கெட் போயிடும். எனக்கு ரெண்டும் ஆச்சு. ஹெட்டைக் கழற்றி லேத்தில் சமப்படுத்தி, கேஸ்கெட், ரேடியேட்டர், லேபர் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 27,400. முந்தின ஓனரைத் திட்டலாம்தான். ஆனா ரெண்டு மாசமா பானெட்டையே திறக்காதது நான்.

மத்த கோளாறெல்லாம் சின்னது. த்ராட்டில் பாடியில் கரி படிஞ்சா சிக்னலில் ஆர்.பி.எம். ஏறி இறங்கும், சுத்தம் பண்ணினா சரியாகும். இக்னிஷன் காயில் ஒண்ணு போனா வண்டி உதறும். டேப்பட் கவரில் ஆயில் கசியலாம். மூணு சிலிண்டருக்கே கொஞ்சம் அதிர்வு உண்டு, ஆனா ஸ்டியரிங் நடுங்கினா எஞ்ஜின் மவுண்டிங்கைச் சந்தேகப்படுங்க. பழைய வண்டியில் 20% எத்தனால் பெட்ரோல் போட்டால் மைலேஜ் கொஞ்சம் குறையும், எத்தனாலில் சக்தி கம்மி. ரப்பர் ஹோஸ்களையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க.

வண்டி பார்க்கக் காலையில், எஞ்ஜின் ஆறியிருக்கும்போது போங்க. கூலண்ட் டப்பாவைத் திறந்து பாருங்க, சூடா இருக்கும்போது மட்டும் மூடியைத் தொடாதீங்க. கூடவே உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க, விக்கிறவர் காட்டுற மெக்கானிக் வேண்டாம். ஆயிரமோ ரெண்டாயிரமோ கொடுங்க, அதில் பேரம் பேசாதீங்க.

இவ்வளவு வம்புக்குப் புதுசே வாங்கிடலாமேன்னு கேட்பீங்க. 7 லட்சம் ஆன்-ரோடு, 6 லட்சம் லோன், 9% வட்டி, 7 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 9,650. வட்டி மட்டும் 2.1 லட்சம். அதே இடத்தில் 4 லட்சத்துக்குப் பழைய வண்டி, 3 லட்சம் லோன், வட்டி 12%-ன்னே வெச்சுக்கோங்க, 3 வருஷம். இ.எம்.ஐ. 9,960. கிட்டத்தட்ட அதே தொகைதான். ஆனா வட்டி 59,000-க்குள் முடியுது, நாலு வருஷம் முன்னாடியே கடன் தீருது. அந்த நாலு வருஷ இ.எம்.ஐ. மட்டும் 4.6 லட்சம். பிசினஸ் பண்றவங்க கார் லோன் வட்டியையும் தேய்மானத்தையும் செலவில் காட்டுவாங்க. சம்பளக்காரங்களுக்கு அது கிடையாது. உங்க பெட்ரோல் கார் வட்டி முழுக்க வரி கட்டின பணத்திலிருந்துதான் போகுது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கஞ்சத்தனம் பண்ணச் சொல்ல மாட்டேன். என் 2013 வண்டியில் ஏர்பேக் இல்லை. 2019-ல் தான் புது கார்களுக்கு ஏ.பி.எஸ்.ஸும், ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக்கும் கட்டாயம் ஆச்சு. அதனால 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கே10பி வண்டியாத் தேடுங்க. விலை கூடத்தான் இருக்கும், நான் மேல போட்ட 4 லட்சம் அதுக்குத்தான். ஆர்.சி. 15 வருஷத்துக்குங்கிறதால அந்தக் கவலையும் இப்போதைக்கு இல்லை.

வாங்கின மாசத்திலிருந்து 2,000 ரூபாய் ஒரு ஆர்.டி.-யில் போட்டு வைங்க, ரிப்பேருக்குன்னே. நான் இப்பவும் போடறேன். அப்புறம், ஆர்.சி. உங்க பேருக்கு மாறினதும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாத்தணும். பழைய ஓனரோட நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது, அதனால பிரீமியம் வித்தியாசத்தையும் விலை பேசும்போதே கணக்கில் வெச்சுக்கோங்க. அதை எப்படிக் கணக்குப் போடறதுன்னு அடுத்த வீடியோவில் பாலிசியைக் கையில் வெச்சே காட்டறேன்.