ஏலமலையும் ஐந்தாண்டுப் பரிசீலனையும்

ஏலமலையின் நடுவே அமைந்த கேரளத்து உடும்பஞ்சோலைத் தாலுகாவில், 2024-ஆம் ஆண்டுக் கோடையில் மழை பொய்த்து, நிழல்மரங்களின் அடியிலும் வெக்கை ஏறி, ஏலச்செடியின் தட்டைகள் பழுத்துச் சாய்ந்து, காய் பிடிக்கவேண்டிய சரங்கள் தரையோடு தரையாய்க் கருகிக் கிடந்ததைக் கண்ணால் கண்டவர்கள், பருவநிலை உடன்படிக்கைகளைத் தூரதேசத்து ராஜதந்திரிகளின் விவகாரம் என்று ஒதுக்கிவிட மாட்டார்கள். அவற்றின் ஆயுள் எவ்வளவு, மறுபரிசீலனை எப்போது என்ற கேள்வி, போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பேறி மலைக்கு வரும் தொழிலாளியின் கூலியோடு சம்பந்தப்பட்டது.

ஆயுள் நீண்டிருப்பதே ஓர் உடன்படிக்கைக்குச் சிறப்பாகிவிடாது. பெரியாற்று அணைக்காக 1886-இல் திருவிதாங்கூர் சமஸ்தானமும் ஆங்கில அரசாங்கமும் எழுதிக்கொண்ட குத்தகைச் சாசனம் 999 ஆண்டுகளுக்கானது. ஆயினும், ஏக்கருக்கு 5 ரூபாய் என்ற அதன் வாடகை 1970-இல் 30 ரூபாயாகி, முப்பது ஆண்டுக்கொருமுறை அதைத் திருத்தலாம் என்ற விதியும் சேர்ந்த பிறகே, அந்த வாடகை காலத்தோடு ஒத்து நடக்க வழி பிறந்தது.

ஆயுள் குறுகியதன் கேட்டுக்கோ கியோட்டோ நெறிமுறை சாட்சி. 1997-இல் பிறந்து 2005-இல் அமலுக்கு வந்த அதன் முதற் கடமைக்காலம் 2012-இல் முடிந்தது. அதை 2020 வரை நீட்டித்து தோகாவில் செய்த திருத்தம், போதிய நாடுகளின் ஒப்புதல் கிட்டாமல் எட்டாண்டு கிடந்து, 2020 டிசம்பர் 31 அன்று, அந்தக் காலமே முடிகின்ற நாளில், சட்டபூர்வமாக அமலுக்கு வந்தது.

இவ்விரு குறைகளையும் நீக்கவே, 2015-இன் பாரிஸ் உடன்படிக்கை முடிவுத்தேதி இல்லாததாகவும், ஐந்தாண்டுக்கொருமுறை ஒவ்வொரு நாடும் புதிய உறுதிமொழி தருவதாகவும், உலகம் முழுவதற்கும் பொதுவான கணக்கெடுப்பு நடப்பதாகவும் வகுக்கப்பட்டது. 2023-இல் துபாயில் நிறைவுற்ற முதற் கணக்கெடுப்பு, உலகம் உரிய பாதையில் இல்லை என்று ஒளிவின்றி உரைத்தது. ஆனால் எந்த நாடு பின்தங்கியது என்று பெயர் சுட்டவும், தவறியவரை நிர்ப்பந்திக்கவும் அதற்கு அதிகாரம் இல்லை. 1987-இன் மான்ட்ரியல் நெறிமுறையோ, நான்காண்டுக்கொருமுறையேனும் விஞ்ஞானிகளின் மதிப்பீட்டைக் கேட்டு, தடைவிதிகளைப் பலமுறை இறுக்கி வந்தமையால், ஓசோன் படலம் மீளத் தொடங்கியிருக்கிறது. பரிசீலனையின் முடிவு விதியாக மாறும்போதுதான் அதற்கு அர்த்தம் உண்டு.

நட்ட ஏலச்செடி நன்றாகக் காய்க்க மூன்றாண்டு ஆகும் இந்த மலையில், பயனற்றுப்போகும் ஒரு பரிசீலனை, விவசாயியின் ஒரு நடவையே விழுங்கிவிடும். பாம்பாடும்பாறையிலும் மயிலாடும்பாறையிலும் ஏல ஆராய்ச்சி நிலையங்கள் இயங்குகின்றன. மழை, வெப்பம், விளைச்சல், தொழிலாளர் இழந்த வேலைநாட்கள் ஆகியவற்றை அவற்றின் துணையோடு ஊராட்சிதோறும் திரட்டி, கேரள, தமிழக அரசுகள் கூடி ஓர் அறிக்கையாக்கி மத்திய அரசிடம் சேர்ப்பிக்க முடியும். அடுத்த உலகக் கணக்கெடுப்பு 2028-இல் வருகிறது. அதில் பாரதம் வைக்கும் கணக்கில் ஏலமலையின் இழப்பும் ஒரு வரியாக நிற்க வேண்டும்; அதற்கான வேலையை இரு அரசுகளும் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.