வாஃபிள் மேக்கரை அடுக்களையிலிருந்து வெளியே எடுங்கள்

போன ஆடியில் வடகரையில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். குற்றாலத்தில் சீசன். மேக்கரைப் பக்கமிருந்து வந்த சாரல் ஜன்னல் வழியாக உள்ளேயே அடித்தது. ஷார்ஜாவிலிருந்து அண்ணன் கொண்டுவந்திருந்த வாஃபிள் மேக்கரை அன்றைக்குத்தான் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தார்கள். நாங்கள் ஆறு பேர் மேசையில், மதினி அடுக்களையில். இரண்டு இரண்டாகச் சூடாக வரும், தேன் ஊற்றித் தின்போம், தட்டை நீட்டுவோம். “மதினி, நீங்களும் வந்து உக்காருங்க” என்று இரண்டு தடவை சொன்னேன். “நீங்க சாப்பிடுங்க தம்பி, நான் கடைசில போட்டுக்கிடுதேன்” என்றார். கடைசியில் பாத்திரத்தில் வழித்த மாவில் ஓரம் நிரம்பாத ஒன்றுதான் அவருக்குக் கிடைத்தது.

அந்த அரை வாஃபிளைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். மைதா கெடுதல், இது வெள்ளைக்காரன் பண்டம், நம்ம அச்சு முறுக்கு இருக்க இது எதுக்கு என்ற சண்டைகளை வேறு யாராவது போட்டுக்கொள்ளட்டும். அந்தச் சண்டை போடுகிறவர்களும் உட்கார்ந்து தின்றுகொண்டேதான் போடுகிறார்கள்.

முதலில் கணக்கு. வீட்டு மெஷினில் ஓர் ஈட்டுக்கு இரண்டு வாஃபிள், ஏறக்குறைய ஐந்து நிமிடம். ஆறு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் ஆறு ஈடு, அரை மணி நேரம். அதே பன்னிரண்டைத் தோசையாகச் சுட்டால் இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இட்லி என்றால் ஒரே கொப்பரையில் ஓர் ஈடு, அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் உட்காரலாம். ஆக, வேலையைக் குறைக்கும் என்று வாங்கிய மெஷின், நிற்கும் நேரத்தில் தோசைக்கல்லையே தோற்கடித்துவிட்டது.

சரி, மொத்தமாகச் சுட்டு அடுக்கி வைத்துவிட்டு ஒன்றாக உட்காரலாமே? முடியாது. இரண்டு தட்டுக்கும் நடுவில் மாவின் மேல்பரப்பு ஈரம் வற்றிச் சிவந்து மொறுமொறுப்பாகிறது, உள்ளே ஈரம் இருக்கிறது. வெளியே எடுத்ததும் உள்ளிருக்கும் ஆவி மேலோட்டை நோக்கி நகரும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒன்றின் ஆவி இன்னொன்றை நனைக்கும். சாரல் காற்றில் கேட்கவே வேண்டாம், தட்டில் இருக்கும்போதே தொளதொளவென்று ஆகிவிடும். கம்பிவலையில் பரத்தி மிதமான சூட்டில் அவனில் வைப்பதுதான் பழக்கமான வழி. நம் வீடுகள் பலவற்றில் அவன் ஏது? வாஃபிள் சுட்டவுடன் தின்ன வேண்டிய பண்டம். அப்படியானால் சுடுகிறவர் எப்போது தின்பார்?

தோசைக்கும் இதே கேள்விதான். ஆனால் தோசைக்கல்லுக்கு ஒரு சாக்கு இருந்தது. கேஸ் அடுப்பைத் தூக்கி மேசையில் வைக்க முடியாது. வாஃபிள் மேக்கருக்கு அந்தச் சாக்கும் கிடையாது. ஆயிரம் வாட்டுக்கு உட்பட்ட மெஷின் என்றால் நம்ம 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்காது. சுவரில் இருக்கும் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கே போதும். அதை அடுக்களையில் மிக்சி பக்கத்தில் வைத்தது மின்சாரம் இல்லை, நாம்தான்.

இந்தக் கருவியின் வரலாறும் என் பக்கம்தான். 1869 ஆகஸ்ட் 24 அன்று நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரைச் சேர்ந்த கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் வாஃபிள் இரும்புக்குக் காப்புரிமை பெற்றார். அது அடுப்பின் மேல் வைத்துத் திருப்பிப்போடும் வகை. அடுப்பை விட்டு நகராது. 1910களில் ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற நிறுவனங்கள் மின்சார வாஃபிள் இரும்பைக் கொண்டுவந்தபோது, டோஸ்டரைப் போல அதையும் சாப்பாட்டு மேசையில் வைக்கும் பொருளாகத்தான் விற்றார்கள். நிக்கல் பூச்சும் வேலைப்பாடும் அதனால்தான். விருந்தாளி கண் முன்னால் இருக்க வேண்டிய சாமான் அது. நூறு வருஷம் கழித்து வடகரைக்கு வந்து, மறுபடி அடுப்படிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

மெஷினே வீண் என்று நான் சொல்லவில்லை. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர் கொடுக்க ஆரம்பித்ததைக் கிண்டல் செய்தவர்களில் எத்தனை பேர் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தவர்கள்? கிரைண்டர் தோள்பட்டை வலியை உண்மையாகவே குறைத்தது. ஆனால் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ புத்தகம் அமெரிக்க வீடுகளை வைத்துக் காட்டியதும் நினைவில் இருக்க வேண்டும். மெஷின்கள் வந்தபோது வீட்டில் மற்றவர்கள் செய்துவந்த வேலை குறைந்தது, எதிர்பார்ப்பு கூடியது, அம்மாவின் நேரம் மட்டும் மிச்சமாகவில்லை. காலைக்கு இட்லி போதும் என்றிருந்த வீட்டில் சாயங்காலம் வாஃபிளும் வேண்டும் என்றானது அந்தக் கதையின் நம்மூர் அத்தியாயம்.

“அவங்களுக்குச் சுட்டுப் போடுறதுலதான் சந்தோஷம்” என்பார்கள். இருக்கலாம். ஒருநாள் கரண்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, முதல் வாஃபிளை அவர் தட்டில் வைத்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள். நானும் இரண்டு தடவை கூப்பிட்டதோடு என் கடமை தீர்ந்தது என்று தேனில் தொட்டுத் தின்றவன்தான். கூப்பிடுவதற்குச் செலவில்லை. எழுந்திருப்பதற்குத்தான் செலவு.

மறுநாள் சாயங்காலம் மெஷினைச் சுவரோரம் மேசைக்கு நகர்த்தினேன். பிள்ளைகள் கை படாதபடி ஒயரைச் சுவர்ப்பக்கம் விட்டேன். “மேசையெல்லாம் சிந்திக் கெடக்கும்லா” என்றார் அண்ணன். சிந்தத்தான் செய்தது. துணி எடுத்து அவரையே துடைக்கச் சொன்னோம். முதல் ஈட்டில் ஒன்று மதினிக்கு. இரண்டாவது ஈட்டில் மாவை அதிகமாக ஊற்றி ஓரமெல்லாம் வழிய விட்டேன். “இம்புட்டா ஊத்துவாக? முக்காக் கரண்டி போதும்” என்றார் மதினி, வாயில் வாஃபிளோடு, உட்கார்ந்தபடியே.