வட்ஸ்அப்பில் கரைந்துபோகும் சாட்சியங்கள்

முள்ளிவாய்க்காலில் இருந்து உயிர்தப்பிய தாய் ஒருவர், ஆண்டுக்கணக்கில் வாய்திறவாதிருந்துவிட்டு, ஒருநாள் பேரனின் கைத்தொலைபேசிக்கு முன்னால் அமர்ந்து நாற்பது நிமிடங்கள் பேசுகின்றார். எறிகணை எங்கே விழுந்தது, யாரை எந்தப் பனையடியில் புதைத்தார்கள், வட்டுவாகலில் மகனை இராணுவத்திடம் எவ்வாறு கையளித்தார் என்பவை அனைத்தும் அதில் உள்ளன. அன்றிரவே அந்தக் காணொளி துண்டு துண்டாக வெட்டப்பட்டு, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் உள்ள உறவினர்களின் வட்ஸ்அப் குழுக்களைச் சென்றடைகின்றது. எல்லோரும் கண்ணீர் விடுகின்றனர். கைகூப்பும் குறியீடுகள் குவிகின்றன. மறுவாரம் பேரனின் தொலைபேசியில் இடம் போதவில்லை. "எல்லோருக்கும் அனுப்பியாயிற்றுத்தானே" என்று மூலக் காணொளி அழிக்கப்படுகின்றது.

இது புலம்பெயர் தமிழர்களின் பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான். சிங்களப் பேரினவாதம் 1981 இல் யாழ். பொது நூலகத்தை எரித்ததை ஆண்டுதோறும் நினைவுகூரும் ஒரு சமூகம், தனது வரலாற்றின் உயிருள்ள ஏடுகளைத் தானே அழித்துக்கொண்டிருக்கின்றது. இதற்கு எந்த அரசையும் குற்றஞ்சாட்ட முடியாது.

வட்ஸ்அப்பில் வழமைபோல் அனுப்பப்படும் காணொளி, அனுப்பியவரின் கோப்பாகவே மறுமுனைக்குச் செல்வதில்லை. செயலி அதைச் சுருக்கி, புதிய கோப்பாக மாற்றியே அனுப்புகின்றது. படத்தின் துல்லியம் குறைகின்றது. தூரத்தில் தெரிந்த முகமும் பெயர்ப்பலகையும் கலங்கிய நிறத்திட்டுகளாகின்றன. எந்தக் கருவியில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் பதிவானது என்று மூலக் கோப்பினுள் எழுதப்பட்டிருந்த தரவுகள் கழன்றுவிடுகின்றன. கோப்பின் பெயர்கூட மாறிவிடுகின்றது. 2023 இல் உயர்தரத்தில் அனுப்பும் தெரிவு சேர்க்கப்பட்டது உண்மையே. ஆனால் அதுவும் சுருக்கம்தான், சற்றுக் குறைந்த சுருக்கம்.

ஒரு குடும்பக் கொண்டாட்டத்தின் காணொளிக்கு இவை பொருட்டல்ல. பிறந்தநாள் கேக் சற்று மங்கலாகத் தெரிந்தால் யாருக்கும் நட்டமில்லை. சாட்சியத்திற்கு அவ்வாறல்ல.

சனல் 4 தொலைக்காட்சி 2009 ஆகஸ்டில் வெளியிட்ட காணொளியை இளையோர் பலர் அறிவர். கைகள் கட்டப்பட்ட நிர்வாணமான மனிதர்கள் சுட்டுக்கொல்லப்படும் அந்தக் காட்சியைச் சிறீலங்கா அரசு போலியென்று அறிவித்தது. அதன் நிபுணர்கள் எழுப்பிய கேள்விகள் எவை? இது கைத்தொலைபேசியில் பதிவானதா, ஒலியும் ஒளியும் பொருந்துகின்றனவா என்பவைதாம். கொல்லப்பட்டவர் யார், கொன்றவர் யார் என்ற கேள்விக்குப் போவதற்கு முன்னரே விவாதம் கோப்பின் தன்மையில் வந்து நின்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், சுடுகலன், தடயவியல் மருத்துவம், காணொளி ஆய்வு ஆகிய துறைகளைச் சேர்ந்த மூவரைக் கொண்டு அதனை ஆராய்வித்து, 2010 ஜனவரியில் அரசின் மறுப்பு நிற்காதென்று கூறினார். அப்போதும்கூட, கோப்பினுள் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற திகதி விளக்கப்படாத ஒன்றாக அந்த ஆய்வில் எஞ்சியது. பின்னர் கிடைத்த நீளமான காணொளியை 2011 இல் அவருக்குப் பின்வந்த கிறிஸ்ரோஃப் ஹெய்ன்ஸ் ஆராய்வித்து, உண்மையானதென அறிவித்தார்.

ஒரு திகதி எத்தனை பெரிய சர்ச்சைக்கு இடமளித்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். திகதியே இல்லாத, ஐந்து குழுக்களைக் கடந்து வந்த, முதலில் எடுத்தவர் யாரென்றே தெரியாத காணொளி எந்த மன்றத்தில் நிற்கும்? ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானம் 2021 மார்ச்சில் நிறைவேறியதிலிருந்து, சாட்சியங்களைத் திரட்டிப் பேணுவதற்கென்றே ஜெனீவாவில் ஒரு பொறிமுறை உண்டு. இலக்கமுறைச் சாட்சியங்களைக் கையாளும் முறையைப் பேர்க்லி நெறிமுறை 2020 இல் வகுத்தும் தந்துவிட்டது. கேட்பதற்கு ஆளில்லை என்று இனிச் சொல்ல இயலாது. கொடுப்பதற்கு மூலக் கோப்பு இருக்கின்றதா என்பதே கேள்வி.

இங்கே பெற்றோரைக் குறைகூறுவதில் நியாயமில்லை. பச்சை நிறச் செயலியில் படத்தைத் தொட்டால் அனுப்பப்படும் என்பதே அவர்களுக்குத் தெரிந்தது. குற்றம், கணினித்துறையில் பட்டம் பெற்று, அலுவலகத்தில் மூன்று இடங்களில் காப்புப்படி எடுத்து வைத்துவிட்டு, அம்மம்மாவின் வாக்குமூலத்தை வட்ஸ்அப்பில் விட்டுவிடும் இளையோருடையது. மே மாத நிகழ்வுகளுக்கு மண்டபமும் ஒலிபெருக்கியும் ஒழுங்கு செய்யும் அமைப்புகள், இரண்டு வன்தட்டுகளை வாங்கி ஊர்மக்களின் பதிவுகளைப் பேண எண்ணாதது அதனினும் பெரிய குற்றம்.

ஒரு மறுப்பு எழக்கூடும். அது நேர்மையான மறுப்பு. தாயகத்தில் ஒருவர் போராட்டத்தைப் படம்பிடிக்கின்றார். மூலக் கோப்பில் அவர் நின்ற இடமும் நேரமும் இருக்கின்றன. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் நிழலில் வாழ்பவருக்கு, அந்தத் தரவுகள் கழன்றுபோவது பாதுகாப்பு அல்லவா? ஆம், பாதுகாப்பே. ஆகவேதான் பொதுவெளிக்குச் செல்லும் பிரதியும், பேணப்படும் மூலமும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும். தரவுகள் நீங்கிய சுருங்கிய பிரதியை உலகம் பார்க்கட்டும். மூலம் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம், படம்பிடித்தவரின் சம்மதத்துடன், பூட்டப்பட்டிருக்கட்டும்.

இதற்குப் பெருந்தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. அதே வட்ஸ்அப்பில், காணொளியைப் படமாக அன்றி ஆவணமாக இணைத்தால் கோப்பு சுருக்கப்படாமல் அப்படியே செல்லும். அவ்வாறு அனுப்பும் எல்லை 2022 இல் 100 மெகாபைட்டிலிருந்து 2 கிகாபைட்டாக உயர்த்தப்பட்டது. இன்றைய தொலைபேசிகளில் சாதாரண உயர்தரப் பதிவு நிமிடத்திற்கு ஏறத்தாழ 60 முதல் 130 மெகாபைட் வரை பிடிக்கும். நாற்பது நிமிடப் பேச்சு இந்த எல்லையைத் தாண்டிவிடும். எனவே பதிவின்போதே பத்து நிமிடத்திற்கு ஒருமுறை நிறுத்தித் தொடங்குவது நன்று. தாய்க்கும் அந்த இடைவெளி தேவைப்படும். கிடைத்த கோப்பைத் திருத்தாமல், பெயர் மாற்றாமல் இரண்டு இடங்களில் வைத்து, அதன் ஷா-256 தொகுப்பெண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கோப்பில் ஓர் இருமம் மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும். வட்ஸ்அப்பின் காப்புப்படியை நம்பியிருத்தல் ஆகாது. காணொளிகளையும் அதில் சேர்க்கும் தெரிவு தனியாக இயக்கப்பட வேண்டியது என்பதே பலருக்குத் தெரியாது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது அமர்ந்திருந்த தாய், தந்தையர் பலர் இன்று உயிருடன் இல்லை. செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025 இல் எலும்புகளுடன் மீட்கப்பட்ட பொருட்களை அடையாளம் காணுமாறு அதே தலைமுறைதான் அழைக்கப்பட்டது. விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு வன்தட்டைப் பெட்டியில் வைத்துச் செல்லலாம். மூலக் கோப்பு இன்னும் அழிக்கப்படாதிருக்கும் தொலைபேசிகள் அங்கே பல உள்ளன.