பள்ளிக்கு விடுமுறை, கம்பெனிக்கு இல்லை
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி எழுதியது

உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஐப்பசி மாதத்து இரவில் ஓட்டின் மேல் மழை சடசடவென்று இறங்கத் தொடங்கியதும், நாளைக்குக் கணக்குத் தேர்வு நடக்கக் கூடாதே என்று மனத்துக்குள் வேண்டிக் கொண்டவர்களில் நானும் ஒருத்தி. விடிந்ததும் முகம் கழுவுவதற்கு முன்பே தொலைக்காட்சியில் கீழே ஓடும் வரியைப் பார்த்துக் கொண்டு நின்றதும் உண்டு. ஆகவே விடுமுறையே வேண்டாம் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. அப்படிச் செய்தால் நீங்கள் யாரும் என்னோடு பேசமாட்டீர்கள்!

இந்தக் கட்டுரை எழுதத் தோன்றியது எங்கள் காம்பவுண்டுச் சிறுவன் ஒருவனால். அவன் பெற்றோர் பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தந்தைக்குச் சாயப்பட்டறையில் இரவு வேலை. தாய்க்குப் பனியன் கம்பெனியில் செக்கிங். அவன் மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். மார்கழியில் ஒரு நாள் காலை நான் சால்வையைப் போர்த்திக் கொண்டு நடுங்குவதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தான். "இது குளிரா அக்கா? எங்க ஊர்ல குளிருக்கு ஸ்கூலையே மூடிருவாங்க" என்றான்.

நான் நம்பவில்லை. விசாரித்ததில் அவன் சொன்னது முற்றிலும் சரி. வட மாநிலங்களில் தை மாதக் கடுங்குளிருக்காகப் பள்ளிகளை மூடுவது வழக்கமே. 2024 ஜனவரியில் தில்லியில் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்குப் பன்னிரண்டாம் தேதி வரை விடுமுறையை நீட்டித்தார்கள். காஷ்மீரிலோ பனி பொழியும் குளிர்காலம் முழுவதற்குமே நீண்ட விடுமுறை. நமக்குச் சித்திரை வெயில் எப்படியோ அவர்களுக்கு மார்கழி அப்படி.

அதே 2024 ஜனவரியில் பீகாரில் ஒரு சர்ச்சை எழுந்தது. குளிரைக் காரணம் காட்டி மாவட்ட ஆட்சியர்கள் பள்ளிகளை மூடிக்கொண்டே போனார்கள். அம்மாநிலக் கல்வித்துறையின் உயர் அதிகாரி ஒருவர் அதைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். இது என்ன குளிர்? பள்ளிக்கூடத்தில் மட்டும் அடிக்கிறது, தனிப்பயிற்சி நிலையத்திலும் திரையரங்கிலும் கடையிலும் அடிக்கவில்லையே என்பது அவர் கேள்வியின் சாரம். அவர் கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. சட்டையின் மேல் சட்டை போடக்கூட வசதியில்லாமல் விடியற்காலையில் நடந்துவரும் பிள்ளையை அவர் நினைத்துப் பார்த்தாரா என்று தோன்றியது. ஆனால் கேள்வி மட்டும் மனத்தில் ஒட்டிக் கொண்டது. நம் திருப்பூரில் இதைக் கேட்டால் என்ன பதில் வரும்?

நம் ஊரில் பனிக்காகப் பள்ளி மூடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. தமிழில் 'பனி' என்ற ஒரே சொல்லை வைத்துக் கொண்டு புல் நுனியில் நிற்பதையும் சொல்கிறோம், இமயத்தில் மலைபோல் குவிவதையும் சொல்கிறோம். நமக்கு வாய்த்தது முதலாவது மட்டும்தான். உதகையில் புல்வெளி உறைபனியால் வெளுத்துப் போகும். அங்கேயும் பள்ளிகளை மூட வைப்பது பெரும்பாலும் மழைதான். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததே, நினைவிருக்கிறதா? நமக்கும் பள்ளி மூடுவதென்றால் அது மழைக்குத்தான். அண்மைக் காலமாக வெயிலும் சேர்ந்து கொண்டது. 2023-இல் கோடை முடிந்து ஆறாம் வகுப்புக்கு மேலுள்ளவர்களுக்கு ஜூன் 12, சிறியவர்களுக்கு ஜூன் 14 என்று பள்ளி திறப்பு தள்ளிப் போனது.

சென்ற ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு முழுதும் மழை. காலை ஆறே முக்கால் வரை எந்தச் செய்தியும் இல்லை. பல்லடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் என் தோழி அதற்குள் டவுன் பஸ் ஏறிவிட்டாள். ஏழே காலுக்கு விடுமுறைச் செய்தி வந்தது. அவள் முழங்கால் வரை நனைந்து பள்ளி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வாயிற்காவலர், "இன்னைக்கு லீவுங் கண்ணு, வூட்டுக்குப் போயிரு" என்று இரக்கத்தோடுதான் சொன்னார். வந்த வழியே, அதே மழையில், அதே பஸ்ஸில் திரும்பிப் போனாள். மழையில் அலையக் கூடாதென்று விட்ட விடுமுறையால் அவள் இருமுறை நனைந்தாள்.

எங்கள் காம்பவுண்டில் நடந்தது வேறு. எட்டரைக்குக் கம்பெனி. அம்மா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "கம்பெனிக்கெல்லாம் லீவு உடுவாங்களா கண்ணு? இன்னைக்குச் சரக்குப் போகோணும்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். பக்கத்து வீட்டு அக்காவும் போனார். பீகார்ச் சிறுவனின் தாயும் போனார். எட்டு வீட்டில் ஏழு வீடு காலி. சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்டு என்றால் வீடு திரும்ப இரவு எட்டு மணிக்கு மேலாகும் என்பது நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்று என் பொறுப்பில் நான்கு பிள்ளைகள். இரவு வேலை பார்த்துத் தூங்கும் சிறுவனின் தந்தையை எழுப்பக் கூடாது. மின்சாரமும் இல்லை. மதியம் பள்ளியில் முட்டையும் சோறும் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைகள். 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்ததிலிருந்து பள்ளி என்றால் சோறு என்று இரண்டு தலைமுறை பழகிவிட்டது. காலை உணவும் இப்போது அங்கேதான். பள்ளிக்கு விடுமுறை என்றால் இரண்டுக்கும் விடுமுறை. நான் ரசம் வைத்தேன். அது ரசமே இல்லை என்று நால்வரும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள்.

இது போகட்டும். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் எங்களோடு இருக்க வேண்டியவள், அன்று இல்லை. தனியாக விட்டுவிட்டுப் போக அவள் அம்மாவுக்கு மனமில்லாமல் தம்மோடு ஒரு சிறிய கம்பெனிக்கு அழைத்துப் போய்விட்டார். சும்மா உட்கார்ந்திருந்தவள் கையில் யாரோ கத்தரியைக் கொடுத்துப் பிசிறு வெட்டச் சொன்னார்கள். மாலையில் கையில் ஐம்பது ரூபாய். அதை எனக்கு ஆட்டிக் காட்டினாள். அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் மூடப்பட்ட பள்ளிகள் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. அப்போது அதே வீட்டில் அவளுடைய அக்கா, இப்படித்தான் ஒரு நாள் துணைக்குப் போனாள். பள்ளி திறந்தபோது திரும்பி வரவில்லை. இன்று ஓவர்லாக் தைக்கிறாள், நன்றாகவே தைக்கிறாள். அவளுக்கு என்னை விடக் கணக்கு வரும்.

பதினான்கு வயதுக்குட்பட்டவரைக் கம்பெனியில் வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். அதற்குக் கீழே ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை எடுத்துக் கொண்டால், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. இடையில் ஆறிலிருந்து பதினான்கு வரை இருப்பவர்களுக்கு என்ன இருக்கிறது? பள்ளிக்கூடம் இருக்கிறது. தாய் ஷிப்டுக்குப் போகும் ஊரில், படிப்பிடம் என்பதோடு பிள்ளையைப் பகலில் பார்த்துக் கொள்ளும் இடமும் அதுதான். இதை யாரும் சட்டத்தில் எழுதவில்லை. ஆனால் அப்படித்தான் நடந்து வருகிறது.

அதற்காக மழையில் பள்ளி நடத்து என்று நான் சொல்லவில்லை. 2011 நவம்பரில் நொய்யலும் ஊருக்குள் ஓடும் பள்ளங்களும் பெருக்கெடுத்துக் கரையோரக் குடிசைகளை வாரிச் சென்றதையும், உயிர்கள் போனதையும் இன்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. இப்படிப்பட்ட நாளில் பிள்ளையைச் சாலையில் இறக்க எந்த ஆட்சியருக்குத் துணிவு வரும்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் விடுமுறைதான் விடுவேன். சற்று முன்கூட்டி, முந்தைய இரவே விடுவேன்.

இன்னொன்றும் செய்வேன். உடுமலைப் பக்கம் கொட்டும்போது காங்கயத்தில் வெயில் காயும். நம் மாவட்டம் அப்படிப்பட்டது. கோவை மாவட்டத்தில் வால்பாறை வட்டத்துக்கு மட்டும், நீலகிரியில் கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்கு மட்டும் என்று தனியே விடுமுறை விடுகிறார்களே, அந்த முறை எங்கும் பொருந்தும். விட்ட விடுமுறைக்கு ஈடாகச் சனிக்கிழமைகளில் வந்து உட்காரும் நம் வேதனையும் சற்றுக் குறையும்.

ஆனால் வகுப்பு நடத்துவதும் வாசலைத் திறந்து வைப்பதும் ஒன்றல்ல என்பதுதான் என் கட்சி. நம் நூலகத்துப் பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அமெரிக்கப் பனிப்புயல் ஒன்றைப் பற்றிப் படித்தேன். 1888 ஜனவரி 12. டகோட்டா, நெப்ராஸ்கா சமவெளிகளில் காலையில் இதமான வெயில். பிள்ளைகள் கனத்த உடையில்லாமல் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். பிறகு திடீரென்று பனிப்புயல் தாக்கியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் பள்ளியிலிருந்து வீடு திரும்ப முயன்ற குழந்தைகள். பிள்ளைகளை வெளியே விடாமல் இரவு முழுதும் உள்ளேயே வைத்துக் கொண்ட ஆசிரியைகளும் இருந்தார்கள். மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியைக்கு அதற்கும் வழியில்லை. பள்ளியின் கூரையே பறந்துவிட்டது. ஆகவே தம் மாணவர் அனைவரையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு அருகிலிருந்த பண்ணை வீட்டில் கொண்டு சேர்த்தார். அவர் முடிவு செய்தது, இந்தப் பிள்ளைக்கு இந்த நேரத்தில் பத்திரமான இடம் எது என்பதைத்தான். வீடு என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் அது பத்திரம் என்று நினைத்து விடுகிறோம். நெப்ராஸ்காவில் வீட்டுக்கு வழி தெரியவில்லை. எங்கள் காம்பவுண்டில் வீடு இருந்தது, ஆள் இல்லை.

விசித்திரம் என்னவென்றால், வெள்ளம் முற்றினால் நம் அரசு பள்ளிக்கூடத்தைத்தான் திறக்கிறது! சென்னையில் 2015-இலும், தென் மாவட்டங்களில் 2023-இலும் வீடிழந்தவர்களைப் பள்ளிகளில்தான் தங்க வைத்தார்கள். அங்கேயே சோறு ஆக்கிப் போட்டார்கள். வெள்ளத்துக்குத் திறக்கும் கதவை, தாய் வேலைக்குப் போகும் மழைநாளுக்கும் ஒருக்களித்துத் திறந்து வைத்தால் என்ன?

நியூயார்க் நகரத்தில் வேறு வழி கண்டார்கள். பனி கொட்டினால் பள்ளிக் கட்டடம் மூடப்படும், கணினி வழியே வீட்டிலேயே பாடம். 2024 பிப்ரவரி 13 அன்று அதைச் செய்தபோது, காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் முயன்று பல பிள்ளைகளால் உள்ளே நுழையவே முடியவில்லையாம். அவ்வளவு பெரிய நகரத்துக்கே அந்தக் கதி. எங்கள் காம்பவுண்டிலோ ஒரே செல்போன், அதுவும் அம்மாவோடு கம்பெனிக்குப் போய்விடும்.

என் வேண்டுகோள் மிகச் சிறியது. அதைத் தாளாளர் சகோதரி அவர்களுக்கும், இதைப் படிக்கும் பெற்றோருக்கும் பணிவோடு தெரிவிக்கிறேன். மழை விடுமுறை நாட்களில் பாடம் வேண்டாம், சிறப்பு வகுப்பும் வேண்டாம். அன்று வகுப்பு நடத்தக் கூடாது என்பது அரசு ஆணை. கீழ்த்தளத்துக் கூடத்தை மட்டும் காலை எட்டு முதல் திறந்து வைக்கலாம். வேலைக்குப் போகும் வழியில் தாயோ தந்தையோ கொண்டு வந்து விட்டுவிட்டு, மாலையில் வந்து அழைத்துப் போகட்டும். தூரத்திலிருந்து யாரும் பஸ் ஏறி வர வேண்டாம். நம் சகோதரிகள் வளாகத்திலேயே வசிப்பவர்கள். பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் பெரிய வகுப்பு மாணவியர் முறை வைத்துச் சிறியவர்களைப் பார்த்துக் கொள்ளலாம். நம் மாணவியரின் தம்பி தங்கையரையும் சேர்த்துக் கொண்டால் நல்லது. அடுத்த பள்ளிப் பிள்ளைகளையுமா என்று கேட்பீர்கள். நான் மனத்தில் வைத்திருப்பது யாரை என்று உங்களுக்குத் தெரியும்.

பொறுப்பு யாருடையது, வழியில் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்று ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், எனக்குப் பதில் தெரியவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பெரியவர்கள் பேசித் தீர்க்க வேண்டியது அது. ஆண்டுக்கு நான்கு, ஐந்து நாள் விஷயம்தானே என்றும் அவர் சொன்னார். பிசிறு வெட்டக் கத்தரியைக் கையில் கொடுத்ததும் ஒரு நாள் விஷயம்தான்.

கஞ்சிக்கு அரிசியும் பயறும் கொண்டு வருவதாக எங்கள் வகுப்பில் பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ரசம் வைக்கும் பொறுப்பு எனக்கு வேண்டாம் என்று பட்டியலிலேயே எழுதிவிட்டார்கள். பட்டியலைத் தலைமையாசிரியைச் சகோதரியிடம் சென்ற வாரம் கொடுத்தோம். அவர் அதை இரண்டு முறை படித்தார். கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.