சொல்லக் கூசும் இடத்திலும் புற்றுநோய் வரும்!

தலைவலி, மூட்டுவலி என்றால் ஊருக்கே சொல்லும் நம் வீட்டுப் பெண்கள், ‘அந்த இடத்தில்’ ஒரு கட்டி என்றால் பெற்ற மகளிடம்கூடச் சொல்வதில்லை. பெரம்பலூர், அரியலூர் பக்கம் பருத்திக் காட்டிலும் மக்காச்சோளக் காட்டிலும் பாடுபடும் பெண்களும் இதற்கு விதிவிலக்கல்ல. மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து உதிரம் பட்டால், “சூடு” என்று வெந்தயத்தை விழுங்கிவிட்டு மறுநாள் களையெடுக்கப் போய்விடுகிறார்கள். அது சூடாக இல்லாமல் இருந்தால்?

மெலனோமா என்று ஒரு புற்றுநோய் உண்டு. தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றுவது. வெயிலால் வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வெயிலே படாத பெண்ணுறுப்பிலும், அபூர்வமாகக் கருப்பை வாயிலும்கூட இது வரும். இரத்தக் கசிவு, தீராத அரிப்பு, கட்டி, புதிதாக ஒரு கரும்புள்ளி ஆகியவையே அறிகுறிகள். சில கட்டிகளில் கருமையே இருக்காது. பார்க்கும் மருத்துவரே ஏமாறலாம். சிறு துண்டு எடுத்து பயாப்ஸி செய்து, எஸ் 100, எச்.எம்.பி. 45 போன்ற சிறப்புச் சோதனைகளும் செய்தால்தான் உறுதியாகும்.

ஆரம்பத்திலேயே தெரிந்தால் சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்துக் கட்டியை வெட்டியெடுக்கலாம். பரவிவிட்டால்? நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற நவீன மருந்துகள் இருக்கின்றன. ஆனால் தோலில் வரும் மெலனோமாவுக்குப் பலன் தரும் அளவுக்கு இதற்கு அவை பலன் தருவதில்லை. செலவோ லட்சக்கணக்கில்! கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு மலிவான வைத்தியம், சீக்கிரம் கண்டுபிடிப்பது ஒன்றுதான்.

“அபூர்வ நோய்க்கு ஊர் முழுக்கப் பரிசோதனையா?” என்று கேட்கலாம். வேண்டாம். குறை சொல்லி வருகிற பெண்ணுக்கு மாத்திரை மட்டும் எழுதித் தராமல், படுக்கவைத்துப் பரிசோதித்தால் போதும். வெட்டியெடுத்த கட்டி எதுவானாலும் குப்பைக்குப் போகாமல் பயாப்ஸிக்குப் போக வேண்டும். 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாகிவிட்டது. முதல் சோதனைக்கே சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

“கிராமத்துப் பெண்கள் வரமாட்டார்கள்” என்பதும் சாக்குதான். 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நர்சுகள் அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். அழைக்கப்பட்ட சுமார் 49,000 பெண்களில் 31,000 பேருக்கு மேல் வந்தார்கள்! அந்தக் கிராமங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. அது வேறு வகைப் புற்றுநோய்தான். ஆனால் கேட்கிற விதத்தில் கேட்டால் நம் பெண்கள் வருவார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

2021ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்க வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். வருகிற அந்தப் பெண் தன்னார்வலர், “உதிரம் படுதாம்மா? கட்டி எதாவது இருக்கா?” என்று இன்னும் ஒரு கேள்வி கேட்கட்டும். வீட்டில் மகளும் மருமகளும் கேட்கட்டும்.

நோய்க்கு வெட்கம் கிடையாது. நமக்கு மட்டும் எதற்கு?