நூலகருக்குப் பாடசபையில் ஆசனம் வேண்டும்

கேரளத்துக் கல்லூரிகளில் 2024 ஜூலை முதல் நான்காண்டுப் பட்டப் படிப்பு நடைமுறைக்கு வந்துவிட்டபடியால், முதுகலைக்குப் பின்னரே ஆராய்ச்சியை எட்டிப்பார்த்து வந்த மாணவர் சமூகம், இனிப் பட்டப் படிப்பின் இறுதியாண்டிலேயே ஓர் ஆய்வுப் பொருளைக் கையில் ஏந்திக்கொண்டு நூலக வாசலுக்கு வரப்போகிறது. அங்கே அவர்களை எதிர்கொள்ளப் போகிற நூலகருக்குப் பல்கலைக்கழகம் அளிக்கவேண்டிய ஸ்தானம் யாது என்ற கேள்வியில், திருவனந்தபுரத்தில் தமிழ் கற்பிப்போரும் கற்போரும் நூலகப் பணிபுரிவோரும் ஒன்றுகூடிய எங்கள் சங்கம் தன் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளது. நூலகர் போதனையில் நேரான பங்குள்ளவர்; ஆதலால் பாடத்திட்டம் வகுக்கும் சபையில் அவருக்கு ஆசனமும், கால அட்டவணையில் அவருக்கெனப் பாடவேளையும் அளிக்கப்பட வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

இது புதுமையான கோரிக்கையன்று. 1908-ல் திருவிதாங்கூர் சமஸ்தானம் சுவடிகளைப் பதிப்பிப்பதற்கென்றே ஓர் இலாகாவை நிறுவி, திருநெல்வேலிச் சீமையின் தருவையில் பிறந்த கணபதி சாஸ்திரிகளை அதற்குத் தலைவராக்கியது. மறு ஆண்டில் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் மலையாள லிபியில் எழுதிய ஓர் ஏட்டுக்கட்டு அவர் கைக்கு வந்ததும், அதுகாறும் பேரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த பாஸ மகாகவியின் நாடகங்கள் என்று அவற்றை இனங்கண்டு, 1912 முதல் திருவனந்தபுரம் சம்ஸ்கிருத கிரந்தாவளியில் அவர் அச்சேற்றினார். சேகரித்தவரும் ஆராய்ந்தவரும் உலகுக்குப் போதித்தவரும் அங்கே ஒருவரே. அப்பணியின் வழிவந்த சுவடி நூலகம் இன்று காரியவட்டத்தில் பல்கலைக்கழகத்தின் அங்கமாய் விளங்குகிறது.

அத்துணைப் பெரிய கண்டுபிடிப்பை விட்டு, அன்றாட நிகழ்ச்சிக்கே வருவோம். கவிமணியின் மருமக்கள்வழி மான்மியத்தைப் படித்துவிட்டு, அது கேலி செய்த தாயமுறை எப்போது, எவ்வாறு மாறிற்று என்று அறிய விழைகிற ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். கவிதையின் நயத்தை ஆசிரியர் கற்பித்திருப்பார். ஆனால் சட்டத்தைத் தேடி வந்தவளுக்கு அட்டவணையில் கிடைப்பது நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம், 1101 என்ற குறிப்பு. அது கொல்லம் ஆண்டு என்பதையும், அவ்வாண்டு சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில் பிறப்பதால் டிசம்பர் முடிய 824-ஐயும் அதற்குப் பின் 825-ஐயும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும், ஆகவே அச்சட்டம் 1926-ஐச் சேர்ந்தது என்பதையும் நூலகர் இரண்டு நிமிஷத்தில் விளக்கிவிடுவார். அத்துடன் நில்லாமல், 1906-ல் வெளிவந்த நாகமையாவின் சமஸ்தான மானுவலையும் 1940-ல் வெளிவந்த வேலுப்பிள்ளையின் மானுவலையும் அவள் முன் அருகருகே விரித்து, ஒன்று சட்டத்துக்கு முந்தியது, மற்றொன்று பிந்தியது, இரண்டையும் ஒப்பிட்டுப் படி என்று சொல்வாரானால், ஆராய்ச்சி முறை என்பதன் முதற்பாடம் அந்த மேஜையிலேயே நடந்தேறிவிடுகிறது. இதைப் போதனை என்று அழைக்காமல் வேறு என்னவென்று அழைப்பது? நாஞ்சில்நாடு 1956 நவம்பர் முதல் தேதியன்று சென்னை இராஜ்யத்தோடு இணைந்துவிட்டபோதிலும், சமஸ்தான காலத்து ஆவணங்களை நாடுகிற தமிழ் மாணவர் இன்றும் இந்நகருக்கே வரவேண்டியிருப்பதால், இவ்வுதவியின் அருமையை எங்களைப்போல் உணர்ந்தவர் சிலரே.

சீர்காழி தந்த ரங்கநாதன் கணித ஆசிரியராயிருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். வாசகனை நேரில் கண்டு, அவன் வேண்டுவது இன்னதெனத் தெளிந்து உதவும் பணியையே அவர் நூலகத்தின் உயிர்நிலையாக மதித்தார். ஆயினும் அவர் பெயரைப் போற்றுகிற நாட்டில், நூலகரைப் புத்தகம் எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்கும் சிப்பந்தியாகக் கருதும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

மத்திய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா என்ற திட்டத்தால் ஏறக்குறைய 13,000 மின்னிதழ்கள் அரசுக் கல்வி நிலையங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருப்பதை மனமார வரவேற்கிறோம். ஆனால் அவை சர்வதேசப் பதிப்பாளர்களின் வெளியீடுகள். செந்தமிழ் இதழின் பழைய தொகுதிகளைத் தேடுகிறவருக்கு அவற்றால் ஆகும் பிரயோஜனம் சொற்பம். எது எங்கே இருக்கிறது, எதை நம்பலாம், எடுத்தாண்டதற்கு எவ்வாறு நன்றி கூறுவது என்பனவற்றைக் கற்பிக்க ஒரு மனிதர் வேண்டும். முனைவர் பட்ட மாணவருக்கு ஆய்வு நெறிப் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் கட்டாயமாக்கியது நன்றே. பட்ட வகுப்பிலேயே ஆய்வு தொடங்கும்போது அப்பாடமும் அங்கேயே தொடங்குவதும், அதை ஆசிரியரும் நூலகரும் இணைந்து நடத்துவதும் முறையாகும்.

பணியிடங்கள் போதா, இருக்கும் நூலகருக்கு அன்றாட வேலையே மிகுதி என்று ஆட்சேபம் எழலாம். அது மெய்யே. காலியிடங்களை நிரப்புவது இக்கோரிக்கையின் முதற்படியென்றே நாங்கள் கொள்கிறோம். அது நிறைவேறும் வரை, துறைக்கு ஒரு நூலகர் என்று வகுத்துக்கொண்டு, பருவத் தொடக்கத்தில் ஆசிரியரோடு அமர்ந்து வாசிப்புப் பட்டியலை அவர் தயாரிப்பதற்கேனும் இடமளிக்கலாம்.

தமிழைப் பொறுத்து ஒன்றை வற்புறுத்துகிறோம். வ. ஐ. சுப்பிரமணியம் தொகுத்த புறநானூற்றுச் சொல்லடைவைக் கேரளப் பல்கலைக்கழகம் 1962-ல் வெளியிட்டது. அவர் வழிநின்ற மாணவர் பலர் சங்க நூல்களுக்கு இலக்கணமும் சொல்லடைவும் ஆய்வேடுகளாக இயற்றினர். அவற்றுள் அச்சேறாதவற்றைத் தமிழ் எழுத்திலேயே தலைப்பிட்டு அட்டவணைப்படுத்தி, ஒளிநகலெடுத்து, வரும் கல்வியாண்டுக்குள் எல்லா மாணவருக்கும் எட்டச் செய்யுமாறு பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். அப்பணிக்கு வேண்டிய பிழைதிருத்தத்தை எங்கள் அங்கத்தினர் ஊதியமின்றிச் செய்து தருவர்.